ஏழு மணி பதினொரு நிமிடம்

பன்குளம் தாண்டித்
தார் முடிகிற இடத்தில் ஒரு தகரப் பலகை.
மூன்று மொழியில் எழுதி
மூன்றையும் வெயில் தின்றதில்
தமிழில் மிஞ்சியது
'ஒதுக்கு' மட்டும்.

ரிக்கற் கிழித்துத் தந்தவள் தில்ஹானி.
காக்கிச் சேர்ட்டில்
மூன்றாம் பொத்தான் வேறு நிறம்.
படிவத்தில் ஒரு கட்டம்: வந்த நோக்கம்.
நஃபீலா 'பறவை' என்று எழுதினாள்.
பிரபாதரன் 'படம்' என்று.
நான் பேனையைக் கன்னத்தில் குத்திக்கொண்டு நின்றேன்.
மாதம் முழுக்க வீடு வீடாய்
மின்மானி பார்த்து இலக்கம் எழுதுகிறவனுக்கு
எண்ண எதுவும் இல்லாத இடத்தில்
அரை நாள் நிற்கவேண்டும் என்பதை
அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடக்குவது?
'நடை' என்று எழுதினேன்.

ஆனி கடைசி.
பாலை பழுத்து உதிர்கிற காலம்.
மண்ணில் மஞ்சள் மஞ்சளாய்,
மிதித்தால் பிசுபிசுத்துச் செருப்போடு வரும்.
ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.
தேன். பிறகு பால்.
பிறகு நெடுநேரம் உதட்டில் பசை.
"கரடிக்கு இது பெருநாள்" என்றாள் தில்ஹானி.
அந்தச் சொல்லை மட்டும்
கிண்ணியாச் சிநேகிதி ஒருத்தியிடம் எடுத்தாளாம்.
நஃபீலா வாய்விட்டுச் சிரித்தாள்.
சிரிப்பைக் கையால் பொத்தச் சொன்னாள் மற்றவள்.

மேலே கச்சான் அடித்தது.
என் பொக்கற்றிலும் கச்சான் இருந்தது,
திருகோணமலை பஸ் நிலையத்தில் வாங்கியது,
கடதாசிச் சுருளில்.
காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்தவர்களுக்கு
இரண்டிலும் தொண்டை வரண்டிருக்கும்.
ஒரு கோதை உடைத்தேன்.
அந்த அமைதியில் அது
துவக்குச் சத்தம்.
நால்வரும் நின்றோம்.
ஒரு கணம்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பிறகு நான்
வாய்க்குள் ஊறவைத்து உடைக்கப் பழகினேன்.

இரண்டரை மணி நேரம்.
யானை இல்லை; ஆவி பறக்கிற லத்தி இருந்தது.
மரை இல்லை;
குளம்பு பதிந்த குழியில் தண்ணீர் இன்னும் கலங்கல்.
இருவாச்சியும் இல்லை,
வீரை மரங்களுக்கு மேலால்
யாரோ பாய் உதறுவதுபோல்
அது போன சத்தம்தான்.
எல்லாம் இப்போதுதான் எழுந்து போயிருந்தன.
கதிரைச் சூடு ஆறாத வீட்டுக்குள்
ஆளில்லாத நேரம் மீற்றர் பார்க்க வந்தவன்போல்
குரல் கொடுப்பதா வேண்டாமா என்று
நின்றேன்.

திரும்பும் வழியில்
முதிரை மரம் ஒன்றில், முழங்கால் உயரத்தில்,
பட்டையோடு பட்டையாய் ஒரு பெட்டி.
போகும்போது யார் கண்ணிலும் படாதது.
தில்ஹானி குந்தியிருந்து அதைத் திறந்து
சின்னத் திரையைத் தட்டினாள்.

இரவு இரண்டு பதினாலு:
கரடி. நெஞ்சில் வெள்ளைப் பிறை. மூக்கு கண்ணாடியில்.
மூன்று ஐம்பது:
முள்ளம்பன்றி, ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு.
ஐந்து மணி:
ஒன்றுமில்லை. ஆடிய இலைக்கு ஒரு படம்.
ஏழு மணி பதினொரு நிமிடம்:
நான்கு மிருகங்கள்.
முன்னால் போவது குனிந்து மண் பார்க்கிறது.
ஒன்றின் கழுத்தில்
பெரிய கண்ணாடிக் கண் தொங்குகிறது.
ஒன்று முக்காட்டைச் சரிசெய்கிறது.
கடைசி உருப்படி
கன்னம் உப்ப எதையோ தின்கிறது.

பிரபாதரன் அந்தப் படத்தைக் கேட்டான்.
"திணைக்களத்துச் சொத்து," என்றாள் தில்ஹானி.
"கரடி கேட்டாலும் கொடுக்கமாட்டம்."

இரவு, உவர்மலையில்,
குளிக்கும்போது தட்டுப்பட்டது:
இடுப்புப் பட்டி இறுக்கிய இடத்தில் ஓர் உண்ணி.
எள்ளளவு.
தலை முழுவதும் எனக்குள்.
அவ்வளவு பெரிய காட்டில்
என்னைப் பார்க்க வந்தது இது ஒன்றுதான்.

பாதித் தேசிக்காயோடு வந்து நிற்கிறாள் சுகிர்தா.
"அசையாதைங்கோ."
கொஞ்சம் குடிக்கட்டும், விடு
என்று சொல்ல வாய் எடுத்தேன்.

தேசிக்காய் எரிந்தது.